ஆதார், பான், கிரய ஆதாரம்: ஆடிட்டருக்கு மின்னஞ்சலில் பாதுகாப்பாக அனுப்புவது எப்படி?

கொழிஞ்சாம்பாறை வாசகி:
வணக்கம். அப்பா பெயரிலிருந்த வீட்டு மனையை விற்றதால், வருமான வரிக் கணக்குக்காகப் பொள்ளாச்சி ஆடிட்டர் சில ஆவணங்களை மின்னஞ்சலில் கேட்டிருக்கிறார். ஆதார் அட்டை, பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரம், பிறகு மனையின் ஆதாரம்; தமிழக-கேரள எல்லையில் உள்ள எங்கள் பக்கம் கிரயப் பத்திரத்தை அப்படித்தான் சொல்வோம். சென்ற ஆண்டு இதே போன்ற வேலையை ஒரு கணினி மையத்தில் கொடுத்துச் செய்தேன். இரண்டு மாதம் கழித்து அங்கே போனபோது, அப்பாவின் ஆதார் நகல் அந்தக் கணினியின் முகப்புத் திரையிலேயே கிடந்தது. அன்றிலிருந்து மனம் ஒப்பவில்லை. ஜிமெயிலின் கான்ஃபிடென்ஷியல் மோடு போதுமா?

வேலந்தாவளம் வாசகர்:
போதாது, சகோதரி. 2018இல் வந்த அந்த வசதி, பெறுபவர் கடிதத்தை மற்றவருக்கு அனுப்புவதையும் பதிவிறக்குவதையும் தடுக்கும். திரையைக் கைபேசியில் படம் எடுப்பதைத் தடுக்காது. வழியில் செல்லும்போது மின்னஞ்சலைப் பெரும்பாலும் டிஎல்எஸ் என்னும் முறை மறைத்துக் காக்கிறது. ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு அது ஆடிட்டரின் அஞ்சல் பெட்டியில் ஆண்டுக்கணக்கில் திறந்தபடியே இருக்கும். என்றைக்கோ ஒருநாள் அந்தப் பெட்டியின் கடவுச்சொல் களவு போனால், உங்கள் ஆவணமும் அதோடு போகும். ஆகவே பூட்ட வேண்டியது கோப்பைத்தான்.

கைபேசியில் எடுத்த படங்களை லிப்ரே ஆபீஸ் என்னும் இலவச மென்பொருளில் ஒரே ஆவணமாக வைத்து, பிடிஎஃப் ஆக மாற்றும்போதே திறப்பதற்கான கடவுச்சொல்லைக் கொடுத்துவிடலாம். வீட்டுக் கணினியிலேயே முடியும். கோப்புகளைச் சுருக்கிப் பூட்டும் செவன்-ஜிப் மென்பொருளைப் பயன்படுத்தினால், ஏஇஎஸ்-256 என்னும் வலுவான பூட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் பழைய ஜிப் பூட்டு எளிதில் உடையும். செவன்-ஜிப்பின் சொந்தக் கோப்பு வகையான 7இசட்டில் கோப்புப் பெயர்களையும் மறைக்கும் கட்டத்தைத் தேர்வு செய்யாவிட்டால், உள்ளே என்னென்ன கோப்புகள் உள்ளன என்பது பூட்டைத் திறக்காமலே தெரியும். கடவுச்சொல்லை அடுத்த மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். பெட்டியைத் திறந்தவர் இரண்டையும் பார்ப்பார். ஆடிட்டரை அழைத்து, குரலை அறிந்தபின் வாயால் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகி:
மிக்க நன்றி, அண்ணா. பதிவிறக்கும் இ-ஆதாருக்கு ஏற்கெனவே கடவுச்சொல் இருக்கிறதே, அதை மட்டும் அப்படியே அனுப்பலாமா?

மீனாட்சிபுரம் வாசகர்:
வேண்டாம் அம்மா. அந்தக் கடவுச்சொல், பெயரின் முதல் 4 ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் உடன் அனுப்பப்போகும் பான் அட்டையிலேயே பெயரும் பிறந்த தேதியும் அச்சாகியிருக்கின்றன. பூட்டையும் சாவியையும் ஒரே உறையில் வைத்தது போலாகும். முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதார் நகலை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே பெறலாம். அது போதுமா என்று முதலில் ஆடிட்டரிடம் கேளுங்கள்; கேட்காததை அனுப்பாமலிருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

எங்கள் எல்லைப் பகுதிக்கே உரிய இன்னொன்றும் உண்டு: தொலைபேசியில் அவர் சொன்னது ஆதாரா, ஆதாரமா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். என் உறவினர் ஒருவர் ஆதாருக்குப் பதிலாக மொத்தக் கிரய ஆவணத்தையும் அனுப்பிவிட்டார்.

வேலந்தாவளம் வாசகர்:
முகவரியில் ஓர் எழுத்து பிசகினாலும் ஆவணம் அந்நியரிடம் போய்விடும். முதலில் வெறும் வணக்கக் கடிதம் ஒன்றை அனுப்பி, பதில் வந்தபின் கோப்பை இணையுங்கள். பொருள் வரியில் பான் எண்ணையோ கணக்கு எண்ணையோ எழுதாதீர்கள். இணைப்பைப் பூட்டினாலும் அந்த வரி பூட்டப்படுவதில்லை. வேலை முடிந்ததும் அனுப்பியவை பகுதியிலும் குப்பைத் தொட்டியிலும் அழித்துவிடுங்கள், ஏனெனில் ஜிமெயில் குப்பையை 30 நாள் வைத்திருக்கும்.

கொழிஞ்சாம்பாறை வாசகி:
ஆடிட்டரிடம் பேசினேன். மறைக்கப்பட்ட ஆதாரே போதும் என்றார். கிரய ஆதாரத்தில் விலையும் சர்வே எண்ணும் உள்ள பக்கங்கள் மட்டும் போதுமாம். வணக்கக் கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டது. பூட்டிய பிடிஎஃபை இன்றிரவு வீட்டிலிருந்தே அனுப்புகிறேன்.