ராபர்ட் வீலின் 86 தங்கம் கணக்கில் வருமா, வராதா?

புல்தரை: காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் பற்றிய பேச்சில் நேற்று கணக்கன் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போனது இது: "வேல்ஸின் லான் பவுல்ஸ் (புல்லில் பந்து உருட்டும் ஆட்டம்) ஆட்டக்காரர் ராபர்ட் வீல் வாங்கியது ஒரே தங்கம்தான், 2010 டெல்லி ஒற்றையர். 1986 எடின்பரோ தங்கம் பாதி நாடுகள் வராத போட்டியில் கிடைத்தது, எண்ணக்கூடாது." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இருபதுகளில் நால்வர் அணியில் ஒரு தங்கம். 24 ஆண்டு கழித்து டெல்லியில் ஆஸ்திரேலியாவின் லீஃப் செல்பியை வீழ்த்தித் தனியாக ஒரு தங்கம். அந்த முதல் தங்கத்தை அழிக்க நீங்கள் யார்?

கணக்கன்: அழிக்கவில்லை சார், எண்ணவில்லை. 32 நாடுகள் புறக்கணித்த போட்டி. இந்தியாவே போகவில்லை.

புல்தரை: அந்த 32-ல் ஆண்கள் பவுல்ஸில் கொடிகட்டிப் பறந்த நாடு ஒன்று சொல்லுங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாமே வந்தன. கென்யா வராததால் ஓட்டப்பந்தயம் சப்பென்று போனது என்றால் சரி, ஒப்புக்கொள்வேன்.

கணக்கன்: தென்னாப்பிரிக்கா? 1976 உலகப் போட்டியில் எல்லாத் தங்கத்தையும் அவர்கள்தானே அள்ளினார்கள்?

புல்தரை: ஐயா, அவர்கள் 1961-லேயே காமன்வெல்த்தை விட்டுப் போனவர்கள்! நிறவெறி ஆட்சி நடத்திய அவர்கள்மேல் தடை போட பிரிட்டனின் தாட்சர் அரசு மறுத்ததால்தான் அந்தப் புறக்கணிப்பே. 1994-ல்தான் திரும்பி வந்தார்கள். அப்படியானால் 1962 முதல் 1990 வரை பவுல்ஸில் ஜெயித்த எவனுக்கும் தங்கம் கிடையாதா?

மைலாப்பூர் மணி: ரிட்டயர்டு ஆட்கள் புல்லில் பந்து உருட்டுவதற்கு இவ்வளவு ரகளையா?

புல்தரை: நீங்கள் ஒரு தரம் உருட்டிப் பாருங்கள். அந்தப் பந்து நேராகப் போகவே போகாது, அதன் வடிவமே அப்படி. வேகம் குறையக் குறைய வளைந்துகொண்டே போகும். 23 மீட்டராவது தள்ளிக் கிடக்கும் ஜாக் என்ற சின்ன இலக்குப் பந்தை ஒட்டி அதை நிறுத்த வேண்டும்.

ராஞ்சி ரசிகன்: 2022-ல் நம் பெண்கள் நால்வர் அணி தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்றபோது மணி அண்ணன் இங்கே பட்டாசு வெடித்தாரே?

மைலாப்பூர் மணி: அது தேசப்பற்று தம்பி. விளையாட்டு வேறு.

கணக்கன்: திசை திருப்பாதீர்கள். நால்வர் ஆட்டத்தில் தலைக்கு இரண்டே பந்து. வேண்டுமானால் கால் தங்கம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

புல்தரை: அப்படி வாருங்கள் வழிக்கு! நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஸ்காட்லாந்தின் அலெக்ஸ் மார்ஷலுக்கு ஐந்து தங்கம். மூன்று இருவர் ஆட்டம், இரண்டு நால்வர் ஆட்டம். ஒற்றையரில் பூஜ்யம். இப்போது வகுத்துச் சொல்லுங்கள்.

கணக்கன்: ஒன்றரை, அரை. மொத்தம் இரண்டு. உங்கள் ஆள் ஒன்றேகால். அப்போதும் முக்கால் தங்கம் குறைச்சல்தான்.

புல்தரை: ஆக, 86-ஐ எண்ணிவிட்டீர்கள்! எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். 2000-ல் வீல் உலக உள்ளரங்க ஒற்றையர் பட்டம் வென்றதையும் சேர்த்து எழுதுங்கள்.

கணக்கன்: எண்ணவில்லை, பேச்சுக்குச் சொன்னேன். உள்ளரங்கப் பட்டம் மார்ஷலுக்கு ஆறு.

ராஞ்சி ரசிகன்: தனி ஆட்டத் தங்கமும் குழுத் தங்கமும் ஒன்றா என்று முதலில் முடிவு செய்துவிட்டு...

புல்தரை: நீங்கள் சும்மா இருங்கள். கணக்கன், கேள்வி ஒன்றுதான். 86-ல் வராமல் போன பவுல்ஸ் நாடு எது? பெயர்?

கணக்கன்: செஸ் பேச்சில் வாயடைத்துப் போனதிலிருந்து உங்களுக்கு என்மேல் காட்டம். எல்லோருக்கும் தெரியும்.

புல்தரை: அங்கே வாயடைத்தது யார் என்று அந்தப் பக்கத்தையே தூக்கிப் போடட்டுமா?

மைலாப்பூர் மணி: போடுங்கள், போடுங்கள்.

புல்தரை: போடுகிறேன். அதற்கு முன்னால் நாட்டின் பெயர்?