கல்கரி ஃபிளேம்ஸ்: ராஸ்முஸ் ஆண்டர்சனை வைத்துக்கொள்வதா, டிரேட் செய்வதா?

சாடில்டோம் சரவணன் (ஆகஸ்ட் 2025)

என் பையனுக்குப் பத்து வயது, போன குளிர்காலத்தில்தான் ஐஸ் ஹாக்கியில் டிஃபென்ஸ் (தடுப்பாட்டம்) ஆட ஆரம்பித்தான். சீசன் தொடங்குவதற்குள் நம் ஃபிளேம்ஸ் டிஃபென்ஸ்காரர் ஆண்டர்சனின் 4-ம் எண் ஜெர்சி வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரிக்கிறான். அதன் விலை உங்களுக்குத் தெரியும். அக்டோபரில் வாங்கிக் கொடுத்து, மார்ச்சில் அந்த ஆள் வேறு ஊருக்குப் போய்விட்டால் அழுகையை யார் சமாளிப்பது?

ஜெர்சியை விடுங்கள், நிஜமாகவே எனக்கு ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ஆண்டர்சன் 2020 ஜனவரியில் போட்ட 6 வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 45.5 லட்சம் டாலர், அடுத்த கோடையில் முடிகிறது. அப்புறம் அவர் விரும்பிய அணிக்குப் போகலாம், நமக்குப் பதிலுக்கு ஒன்றும் கிடைக்காது. அக்டோபரில் 29 வயது ஆகிறது. 500 ஆட்டங்களுக்கு மேல் நமக்காக ஆடியிருக்கிறார், இன்றைக்கும் ஓர் இரவுக்குச் சுமார் 24 நிமிடம் பனியில் நிற்பது அவர்தான். நீங்கள் நம் பொது மேலாளர் க்ரெய்க் கான்ராய் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

வடகிழக்கு வாசி

டிரேட். வேறு அணிக்குக் கொடுத்துப் பதிலுக்கு ஏதாவது வாங்குங்கள், இன்றைக்கே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது அண்ணை?

2022 கோடையை மறந்துவிட்டீர்களா? நம் நட்சத்திர ஆட்டக்காரர் ஜானி கோட்ரோ (அவர் ஆத்மா சாந்தியடையட்டும், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, குடும்பத்துக்குப் பக்கத்தில் இருக்க நினைத்தார்) ஒப்பந்தம் முடிந்து கொலம்பஸ் அணிக்குப் போனபோது நம் கையில் மிஞ்சியது பூஜ்யம். ஒரு டிராஃப்ட் தேர்வுகூட (இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) இல்லை. அப்புறம் நம் இன்னொரு நட்சத்திரம் கச்சக் நீண்ட ஒப்பந்தம் போட மாட்டேன் என்று சொல்ல, அவசர அவசரமாக ஃபுளோரிடா அணியோடு பேசி, அவரைக் கொடுத்து ஹூபர்டோவை வாங்கிய கையோடு 8 வருடம், வருடத்துக்கு 1.05 கோடி டாலர் என்று கையெழுத்துப் போட்டோம். அந்தப் பாரத்தை இன்னும் சுமக்கிறோம், 2031 வரைக்கும் சுமப்போம். கச்சக்கோ அங்கே இரண்டு ஸ்டான்லி கோப்பை தூக்கிவிட்டார்.

ஆண்டர்சன் நல்ல ஆட்டக்காரர்தான், அதனால்தான் விற்கச் சொல்கிறேன். வலது கை டிஃபென்ஸுக்குச் சந்தையில் எப்போதும் பஞ்சம்.

பனித்தளம்_89

நான் எதிர்க்கட்சி. இந்த அணி போன சீசனில் 96 புள்ளி எடுத்தது. செயின்ட் லூயிஸும் 96. கூடுதல் நேரம் இல்லாமல் வென்ற ஆட்டங்களை எண்ணி அவர்களைக் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குள் விட்டார்கள், நாம் வெளியே நின்றோம். அவ்வளவு அருகில் வந்த அணி தன் முதல் ஜோடி டிஃபென்ஸை விற்றால், உடை மாற்றும் அறையில் இருக்கிற மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? வுல்ஃப் மாதிரி ஒரு கோலி கிடைத்திருக்கிறார், அவர் முன்னால் யாரை நிறுத்தப் போகிறீர்கள்?

அப்புறம் சம்பளக் கணக்கு. எல்லோரும் தொகையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், விழுக்காட்டைப் பார்ப்பதில்லை. ஓர் அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு இந்த சீசனில் 9.55 கோடி டாலர், அடுத்தது 10.4, அதற்கடுத்தது 11.35. அவர் 80 லட்சம் கேட்கிறார் என்றே வைத்துக்கொள்வோம் (இது என் ஊகம்), 2027-28-ல் அது வெறும் 7 விழுக்காடு. அந்த வருடம்தான் புது அரங்கம் திறக்கிறது, அங்கே வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு அணி வேண்டாமா?

வயது என்று சொல்லாதீர்கள். நம் பழைய கேப்டன் ஜோர்டானோ 35 வயதில், சிறந்த டிஃபென்ஸ்காரருக்கான நாரிஸ் விருது வாங்கியது இதே ஊரில்தான்.

பழைய ரசிகை

தம்பி, ஜோர்டானோ கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 2019-ல் நாரிஸ், 2021-ல் புதிதாகச் சேர்ந்த சியாட்டில் அணி, மற்ற அணிகளிலிருந்து ஆள் எடுக்கும் தேர்வில் அவரைச் சும்மா தூக்கிக்கொண்டு போனது, ஒரு கேப்டனை இழந்து நமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவும் வடகிழக்கு வாசி சொல்கிற கணக்கில்தான் சேரும்.

நான் இதற்கு நாஷ்வில் அணியைத்தான் உதாரணமாகச் சொல்வேன். 2012-ல் டிஃபென்ஸ்காரர் ரயன் சூட்டரை டிரேட் செய்யாமல் பிளேஆஃப் ஆசையில் வைத்துக்கொண்டார்கள். கோடையில் அவர் மினசோட்டாவோடு 13 வருடம், 9.8 கோடி டாலர் என்று போட்டுக்கொண்டு போய்விட்டார். சரி, நாஷ்வில் ஏமாந்தது. ஆனால் மினசோட்டா ஜெயித்ததா? 2021-ல் மீதி ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முறித்துக்கொண்டார்கள், கோப்பையும் வரவில்லை, அந்தத் தொகை வருடக்கணக்கில் அவர்கள் கழுத்தில் தொங்கியது. விட்டவனும் அழுதான், வாங்கினவனும் அழுதான். 29 வயதில் 8 வருடம் கொடுத்தால் 37 வரை சம்பளம். கடைசி மூன்று வருடத்தை யார் பார்ப்பது? கான்ராய் அதுவரை அந்த நாற்காலியில் இருப்பாரா என்ன!

நம் இளம் டிஃபென்ஸ்காரர் பாரெக்கை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? 19 வயது, 2024-ல் 9-வது தேர்வு, ஜூனியர் அணியான சகினாவில் 61 ஆட்டத்தில் 107 புள்ளி, நமக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே கோல். அவரும் வலது கைதான், பவர் பிளேயில் (எதிரணி ஓர் ஆள் குறைவாக ஆடும் நேரம்) அவர் நிற்கவேண்டிய இடத்தில் இப்போது ஆண்டர்சன் நிற்கிறார்.

பனித்தளம்_89

அக்கா, பாரெக்குக்கு இன்னும் சொந்தப் பகுதியில் பக்கை (ஆடுகிற ரப்பர் வட்டு) பறித்து வெளியே எடுக்கவே தெரியாது. புள்ளி எடுப்பதும் எட்மன்டனின் மெக்டேவிட் மாதிரி நட்சத்திரத்தைத் தடுப்பதும் ஒரே வேலையா? மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தானே பையன் கற்றுக்கொள்வான்.

மூன்றாவது ஜோடி

இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். போன சீசனில் ஆண்டர்சனின் பிளஸ்-மைனஸ் (அவர் பனியில் இருக்கும்போது நாம் போட்ட கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசம்) -38. எனக்கு அந்த எண் மேல் பெரிய மரியாதை கிடையாது. எப்போதும் எதிரணியின் முதல் வரிசைக்கு எதிராகத்தான் அவரை அனுப்பினார்கள், கடைசியில் கால் எலும்பு முறிவோடு ஆடினார் என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் வாங்குகிற அணி மேசையில் முதலில் அந்த எண்ணைத்தான் தூக்கிப் போடும். இன்று விற்றால் அடிமாட்டு விலை.

கால் ஆறி, அக்டோபர் நவம்பரில் நன்றாக ஆடட்டும். அப்புறம் பிப்ரவரி, மார்ச்சில் பேசுங்கள். 2024-ல் அப்படித்தான் நம் டிஃபென்ஸ்காரர்கள் டானெவை டல்லஸுக்கும் ஹானிஃபினை வேகஸுக்கும் டிரேட் கெடுவுக்குச் சற்று முன் அனுப்பினோம், ஹானிஃபினுக்கு முதல் சுற்றுத் தேர்வு கிடைத்தது. சம்பளத்தில் பாதியை நாமே ஏற்றுக்கொள்ளவும் விதி இடம் கொடுக்கிறது. அப்படிச் செய்தால் வாங்குகிறவர்களுக்கு அவர் 23 லட்சத்துக்கும் குறைவு. கோப்பைக்குப் போகிற எந்த அணி வேண்டாம் என்று சொல்லும்? அதே ஹானிஃபின் அங்கே போய் வருடத்துக்கு 73.5 லட்சம் வாங்கிக்கொண்டார் என்பதையும் மறக்காதீர்கள், ஆண்டர்சனின் ஏஜென்ட் அந்தத் தாளைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார்.

வடகிழக்கு வாசி

மார்ச் வரை காத்திருந்து நடுவில் முழங்கால் போனால்? அல்லது ஜனவரியில் நாம் பிளேஆஃப் இடத்திலிருந்து இரண்டு புள்ளி தள்ளி நின்றால்? அப்போது இவரை விற்கக் கான்ராய்க்கு மனசு வராது. இந்த அணியை எனக்குத் தெரியும், நடுவிலேயே நின்று நடுவிலேயே முடிப்பார்கள்.

சாடில்டோம் சரவணன்

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்க மூன்றாவது ஜோடி சொல்வதுதான் சரியென்று படுகிறது, இருந்தாலும் வடகிழக்கு வாசியின் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எப்படிப் பார்த்தாலும் அடுத்த வருடம் இந்நேரம் அவர் இங்கே இருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது.

அதனால் நேற்றுக் கடைக்குப் போய் முதுகில் பெயரும் எண்ணும் இல்லாத சிவப்பு ஜெர்சியாக வாங்கி வந்தேன். புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் பார்த்தால் பையன் என் பையிலிருந்த வெள்ளை ஹாக்கி டேப்பை எடுத்துப் பெரிதாக ஒரு 4 ஒட்டி வைத்திருக்கிறான்.