புதுப்பிப்பு: மதிப்பீடு செய்ய மறுத்த கவுன்சில் இறங்கி வந்தது

இங்கிலாந்தில் எங்கள் கவுன்சில், ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு இ.எச்.சி. மதிப்பீடே (கல்வி, உடல்நலம், பராமரிப்பில் பிள்ளைக்கு என்ன தேவை என்று பார்ப்பது) செய்ய முடியாது என்று மறுத்ததை முன்பு எழுதியிருந்தேன். படிப்பில் வயதுக்கேற்ற நிலையில் இருக்கிறான், பள்ளியே பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் சொன்ன காரணம். என்ன ஆயிற்று என்று பலர் கேட்டீர்கள். தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்தேன்; விசாரணைக்கு முன்பே பின்வாங்கிவிட்டார்கள். மதிப்பீடு செய்கிறார்களாம்.

2014ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டம், 36(8) பிரிவு கேட்பது இவ்வளவுதான்: பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கிறதா, அல்லது இருக்கலாமா; அதற்கு இ.எச்.சி. திட்டம் (பிள்ளைக்கு என்ன உதவி தரவேண்டும் என்று சொல்லும் சட்ட ஆவணம்) தேவைப்படலாமா. மார்க் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. மேல்முறையீட்டில் இதை எழுதி, டீச்சர் கைப்பட எழுதிய குறிப்பையும் இணைத்தேன். மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுகிறான், கணக்கு வகுப்பு முழுக்க அங்கேயே இருக்கிறான் என்று அதில் இருந்தது.

அப்புறம், மேல்முறையீட்டுக்கு முன் கவுன்சிலோடு மத்தியஸ்தம் செய்தே ஆகவேண்டுமா என்று கேட்டவர்களுக்கு: உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும் என்றில்லை. மத்தியஸ்த ஆலோசகரிடம் பேசிச் சான்றிதழ் வாங்கினால் போதும். மறுப்புக் கடிதத்திலிருந்து 2 மாதம், சான்றிதழிலிருந்து 1 மாதம், இதில் எது பிந்தியதோ அதற்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு போட வேண்டும். கட்டணம் இல்லை. வக்கீலும் வைக்கவில்லை.

மதிப்பீடு கிடைத்தால் திட்டமும் கிடைத்தது என்று அர்த்தமில்லை. இனி கல்வி உளவியலாளர் அறிக்கை வரணும். "வாய்ப்பு இருந்தால்" என்று மழுப்பாமல், வாரத்துக்கு எத்தனை மணி நேர உதவி என்று அதில் எழுதுகிறார்களா பார்க்க வேண்டும். வந்ததும் சொல்கிறேன்.