ஒரு பவுண்டு நோட்டை யார் கொடுத்தது? (போமண்ட் பிள்ளைகள் கேஸ்)

கொழுந்துக்கூடை (தலவாக்கலை)
நேத்து மண்சரிவு எச்சரிக்கை பத்தி எல்லாரும் பேசிக்கிட்டிருந்த இடத்துல, சம்பந்தமே இல்லாம ஹட்டன் மாஸ்டர் ஒண்ணு எழுதிட்டுப் போயிருக்காரு: "அடிலெய்ட் போமண்ட் பிள்ளைகள் வழக்கு துலங்கிவிட்டது. ஒரு பவுண்டு நோட்டைக் கொடுத்தவன்தான் கொண்டுபோனவன். இதுகூடத் தெரியாதவர்கள் இங்கே துப்பறிகிறார்கள்."

அந்தக் கடைசி வரி யாருக்குன்னு எனக்குத் தெரியும். அதான் தனியாத் தொடங்குறேன்.

தெரியாதவங்களுக்கு: 1966 ஜனவரி 26, ஆஸ்திரேலியா. ஜேன் 9 வயசு, ஆர்னா 7, தம்பி கிராண்ட் 4. மூணு பேரும் சோமர்டன் பார்க் வீட்டுல இருந்து கிளெனெல்க் கடற்கரைக்கு பஸ்ல போனாங்க. மூணு கிலோமீட்டர் தூரம்தான். பன்னிரண்டு மணி பஸ்ல திரும்பி வரணும். வரல. இன்னிக்கு வரைக்கும் வரல. உயரமா, பொன்னிற முடியோட, முப்பது முப்பத்தஞ்சு வயசு ஆள் ஒருத்தன் அவங்களோட விளையாடுனத பல பேர் பாத்திருக்காங்க. அவன் யாருன்னே தெரியாது. மாஸ்டருக்கு மட்டும் தெரிஞ்சிருச்சு. வாங்க சேர், சொல்லுங்க.

ஹட்டன் மாஸ்டர்
அழைப்புக்கு நன்றி. சுருக்கமாகச் சொல்கிறேன். தாயார் பிள்ளைகளிடம் கொடுத்தது சில்லறைக் காசு மட்டும். அவரே பொலிசுக்குச் சொன்னது. நண்பகலை ஒட்டி ஜேன் மோஸ்லி வீதி வென்சல் பேக்கரியில் பேஸ்டியும் ஒரு மீட் பையும் (இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம்) வாங்கியபோது நீட்டியது ஒரு பவுண்டு நோட்டு. அந்த நோட்டை யார் கொடுத்தது? வேறு எதையும் கேட்காதீர்கள். அந்த நோட்டை யார் கொடுத்தது?

கொழுந்துக்கூடை
நோட்டை யாரோ குடுத்தாங்கன்னே வச்சுக்குவோம். குடுத்தவன் கொண்டுபோனான்னு எப்படி?

ஹட்டன் மாஸ்டர்
முன்பின் தெரியாத ஒருவன் மூன்று குழந்தைகளுக்கு ஒரு பவுண்டை எதற்குக் கொடுப்பான், தர்மத்துக்கா? இருபது ஷில்லிங் தம்பி. அந்தக் காலத்தில் அது சிறு தொகை அல்ல. தோட்டத்துக் கடையில் ஒரு பிள்ளை பெரிய நோட்டை நீட்டினால் முதலாளி என்ன கேட்பார்? "யார்டா குடுத்தது?" நானும் அதையேதான் கேட்கிறேன்.

ஊவா வாசகி (பதுளை)
மாஸ்டர் ஐயா, ஒரு சின்ன விஷயம். துப்பு வேற, சாட்சி வேற, தீர்ப்பு வேற. எதை வச்சு "துலங்கிருச்சு"ன்னு சொல்றீங்கன்னு முதல்ல பிரிச்சுச் சொன்னா பேச லேசா இருக்கும்.

ஹட்டன் மாஸ்டர்
தங்கச்சி, நோட்டு இருக்கும்போது பிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

மஸ்கெலியா மழை
இன்னொண்ணையும் சேத்துக்குங்க. பேக்கரிக்காரங்களுக்கு அந்தப் பிள்ளைங்கள நல்லாத் தெரியும். அதுக்கு முன்னாடி ஒருநாளும் மீட் பை வாங்குனதில்லைன்னு சொல்லிருக்காங்க. அப்ப அந்த மீட் பை யாருக்கு?

கொழுந்துக்கூடை
தம்பிக்குப் பசிச்சிருக்கும். நாலு வயசுப் பிள்ளை கேட்டா அக்கா வாங்கிக் குடுக்க மாட்டாளா? இதுக்கெல்லாம் ஒரு கொலைகாரன் வேணுமா?

ஹட்டன் மாஸ்டர்
மீட் பை பற்றிப் பிறகு பேசலாம். நோட்டு!

பொகவந்தலாவையான் (அடிலெய்ட்)
நான் இங்க கிளெனெல்க்குக்குப் பக்கத்துலதான் இருக்கேன். டிராம்ல ஏறுனா நேரா கடற்கரைதான். இந்தக் கேஸ் இங்க ஒவ்வொரு ஜனவரியும் டீவியில வரும். ஒண்ணு சொல்றேன். அந்த உயரமான ஆள் பக்கத்துல இருந்தவங்ககிட்ட வந்து, "எங்க உடுப்ப யாராவது கிளறுனாங்களா, காசக் காணோம்"னு கேட்டிருக்கான். காசு தொலைஞ்சவன்கிட்ட பவுண்டு நோட்டு எப்படி வந்துச்சு?

கொழுந்துக்கூடை
அப்படிக் கேளுங்கண்ணே!!

ஹட்டன் மாஸ்டர்
காசு காணவில்லை என்பதே நாடகம். "உங்கள் பஸ் காசு போய்விட்டது, பரவாயில்லை, மாமா தருகிறேன்." அப்படித்தான் நோட்டு கைமாறியது. இதைப் புரிந்துகொள்ள டிராமில் ஏற வேண்டியதில்லை.

பொகவந்தலாவையான் (அடிலெய்ட்)
இது உங்க கற்பனை சேர். அவன் அப்படிச் சொன்னத யார் கேட்டா?

ஹட்டன் மாஸ்டர்
ஊகம் என்பதற்கும் கற்பனை என்பதற்கும் வித்தியாசம் உண்டு. முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். காசு திருடிய பையனின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மஸ்கெலியா மழை
சேர், அந்த ஆளோட முகத்த நீங்க பாத்தீங்களா 😂

ஊவா வாசகி
நோட்ட விடுங்க. மணிதான் முக்கியம். ஒரு தபால்காரர், பிள்ளைங்களுக்கு நல்லாத் தெரிஞ்சவர், மத்தியானம் மூணு மணிக்கு ஜெட்டி ரோட்ல மூணு பேரும் கை கோத்துச் சிரிச்சுக்கிட்டு வந்ததப் பாத்தேன்னாரு. ரெண்டு நாள் கழிச்சு, இல்ல காலையிலயா இருக்கும்னு மாத்திட்டாரு. மூணு மணின்னா கதை வேற, காலைன்னா வேற. அந்த ஆளோட போன பிறகும் பிள்ளைங்க தனியா நடமாடுனாங்களா இல்லையாங்கிறதே இதுலதான் இருக்கு.

மஸ்கெலியா மழை
ஜனவரி 26 ஆஸ்திரேலியா தினமாச்சே. லீவு நாள்ல தபால்காரர் எங்க இருந்து வந்தாரு?

பொகவந்தலாவையான் (அடிலெய்ட்)
அப்பல்லாம் லீவ திங்கக்கிழமைக்குத் தள்ளிருவாங்க. 1966ல 26ஆம் தேதி புதன்கிழமை, வேலை நாள். எல்லா மாநிலமும் 26ஆம் தேதியே லீவு விடத் தொடங்குனது 1994லதான்.

ஹட்டன் மாஸ்டர்
அருமையான தகவல். நோட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பொகவந்தலாவையான் (அடிலெய்ட்)
நோட்டப் பத்தியே சொல்றேன். அடுத்த மாசம், பெப்ரவரி 14ல, ஆஸ்திரேலியா பவுண்ட விட்டுட்டு டொலருக்கு மாறிருச்சு. ஒரு பவுண்டுக்கு ரெண்டு டொலர். நாடு பூரா பழைய நோட்ட வாங்கி புது நோட்டு குடுத்த நேரம். அந்த பேக்கரியில வாங்குன நோட்டு எதுன்னு பிறகு தேடுறதே நடக்காத காரியம். நோட்டு கையில இல்ல, கடைக்காரங்க ஞாபகம் மட்டும்தான் இருக்கு. அத வச்சு ஒருத்தனத் தூக்குல போடுவீங்களா?

ஹட்டன் மாஸ்டர்
கடைக்காரர் தினமும் காசு தொடுகிறவர். அவருக்கு நோட்டும் சில்லறையும் தெரியாதா? தபால்காரர் மணியை மாற்றிச் சொன்னார். பேக்கரிக்காரர் நோட்டை மாற்றிச் சொல்லவில்லையே. இதைக் கவனித்தீர்களா?

கொழுந்துக்கூடை
ஞாபகம் பத்தி நீங்க பேசாதீங்க சேர். போன மாசம் "பொடி மெனிக்கே" நானுஓயாவுக்கு எத்தனை மணிக்கு வரும்னு நீங்க அடிச்சுச் சொன்னத நம்பிப் போன எங்க சித்தப்பா குளிர்ல நடுங்கிக்கிட்டு நின்னாரு.

ஹட்டன் மாஸ்டர்
அன்றைக்கு ரயில் தாமதம். நேர அட்டவணைப்படி நான் சொன்னது சரி. இன்னும் சொல்கிறேன், சரி.

மஸ்கெலியா மழை
ரயில் தாமதமில்ல சேர், முன்னாடியே போயிருச்சு. எங்க மாமாவும் அங்கதான் நின்னாரு.

ஹட்டன் மாஸ்டர்
ரயில் முன்னதாகப் போகாது. இது அடிப்படை.

கொழுந்துக்கூடை
சரி, ரயில விடுங்க. நீங்க சொல்ற "கொண்டுபோனவன்" யாரு? பிறகு சந்தேகப்பட்டாங்களே, ஆலை முதலாளி ஹாரி பிப்ஸ், அவரா? செத்துப்போன ஆள். உசுரோட இருந்தப்பவும் அவர்மேல ஒரு கேஸும் போடல. அவர் பிள்ளைங்களுக்கு பவுண்டு நோட்டு குடுக்குற ஆளுன்னு பிறகு யாரோ சொன்னாங்க, அத வச்சுத்தான இவ்வளவும்? வட பிளிம்ப்டன்ல அவர் ஆலை இருந்த நிலத்த 2013ல தோண்டுனாங்க. ஒண்ணும் இல்ல. 2018ல தோண்டுனாங்க. மிருக எலும்பு. 2025 பெப்ரவரியில தொடங்கி மார்ச் வரைக்கும் தோண்டுனாங்க. அதுவும் வெறுங்குழி. இன்னும் எத்தனை தடவை தோண்டணும்?

ஹட்டன் மாஸ்டர்
அந்த வார இறுதியில் அதே ஆலையில் குழி வெட்டச் சொன்னார்கள் என்று அப்போது சிறுவர்களாக இருந்த இரண்டு சகோதரர்கள் பின்னாளில் சொன்னதை மறைக்கிறீர்களே. ஏன்?

கொழுந்துக்கூடை
மறைக்கல சேர். அத நம்பித்தான் தோண்டுனாங்க. தோண்டி ஒண்ணும் வரலன்னுதான் சொல்றேன்.

ஹட்டன் மாஸ்டர்
சரியான இடத்தில் தோண்டவில்லை.

பொகவந்தலாவையான் (அடிலெய்ட்)
இதே மாதிரிதான் 1966ல நெதர்லாந்துல இருந்து வந்த குருவாசெத்தும் இடம் காட்டுனாரு. நீங்களும் அந்தப் பரம்பரையா சேர்?

மஸ்கெலியா மழை
அது யாருண்ணே?

பொகவந்தலாவையான் (அடிலெய்ட்)
ஜெரார்ட் குருவாசெத். மனசால பாத்துக் கண்டுபிடிக்கிறவர்னு பேரு. நவம்பர்ல அடிலெய்டுக்கு வந்தாரு, பேப்பர் பூரா அவர்தான். ஒரு கட்டடத்துக் கொங்கிரீட்டுக்குக் கீழ இருக்காங்கன்னாரு. சனம் 40,000 டொலர் சேத்துக் குடுத்து தோண்டுனாங்க. ஒண்ணும் இல்ல. 1996ல அந்தக் கட்டடத்த உடைக்கும்போது மறுபடி பாத்தாங்க, அப்பவும் இல்ல.

தொங்கவீட்டு ராணி (பண்டாரவளை)
எங்க தோட்டத்துலயும் இருந்தாரே, வெத்தலையில மை போட்டுப் பாக்குறவர். காணாமப்போன மாடு கிழக்க நிக்குதும்பாரு. கிழக்க பூரா தேயிலைதான். 40,000 டொலர் குடுத்திருந்தா மேற்கும் காட்டியிருப்பாரு.

ஹட்டன் மாஸ்டர்
என்னை மை போடுகிறவரோடு ஒப்பிட்டதை மொடரேட்டர் கவனிக்க வேண்டும்.

தொங்கவீட்டு ராணி
உங்களச் சொல்லல சேர். அவராவது வெத்தலைய மாத்தி மாத்திப் பாப்பாரு.

ஊவா வாசகி
எனக்கு ஒண்ணுதான் உறுத்துது. ரெண்டு வருஷம் கழிச்சு ஜேன் எழுதுன மாதிரி லெட்டர் வந்துச்சு. விக்டோரியாவுல டண்டெனொங் முத்திரை. பெத்தவங்க நம்பி, ஒரு துப்பறியும் அதிகாரியோட அங்க போய் காத்து நின்னாங்க. யாரும் வரல. 1992லதான் கைரேகைய வச்சு எழுதுன ஆளக் கண்டுபிடிச்சாங்க, அப்ப 41 வயசு. சின்ன வயசுல விளையாட்டுக்கு எழுதுனதாம். அம்மா 2019ல போயிட்டாங்க, அப்பா 2023ல 97 வயசுல. நீங்க ஆளாளுக்கு "துலங்கிருச்சு, துலங்கிருச்சு"ன்னு எழுதுறதுக்கும் அந்த லெட்டருக்கும் என்ன வித்தியாசம்?

ஹட்டன் மாஸ்டர்
உணர்ச்சிவசப்படாதீர்கள் தங்கச்சி. கடிதம் போலி என்று 1992ல் நிரூபணமானது. நோட்டு போலி என்று யாரும் சொன்னதில்லை.

ஊவா வாசகி
ஐயோ கடவுளே.

தொங்கவீட்டு ராணி
அடிலெய்ட் பிள்ளைங்களுக்கு இன்னிக்கும் ஒரு மில்லியன் டொலர் சன்மானம் இருக்கு. நம்ம லயத்துல இருந்து தரகர் கூட்டிட்டுப் போய் கொழும்பு வீட்டுல வேலைக்கு விடுற பிள்ளைங்க எங்க இருக்குன்னு இங்க எத்தனை பேர் எழுதியிருக்கீங்க? சிறுவர் உதவி நம்பர் 1929க்கு ஒரு கோல் எடுத்திருக்கீங்களா?

கொழுந்துக்கூடை
அக்கா, அது வேற விஷயம். தனியாத் தொடங்குங்க.

தொங்கவீட்டு ராணி
தொடங்குனேன். போன வருஷம். பதில் ஒண்ணே ஒண்ணு. அதுவும் மாஸ்டர் வந்து எழுத்துப்பிழை திருத்துனது.

ஹட்டன் மாஸ்டர்
எழுத்துப்பிழை இருந்தது.

மஸ்கெலியா மழை
🤦

ஹட்டன் மாஸ்டர்
எல்லோரும் தலைப்பை விட்டு ஓடுகிறார்கள். ஆகவே மீண்டும் தொகுக்கிறேன். தாயார் சில்லறை கொடுத்தார். கடையில் நோட்டு வந்தது. இடையில் கடற்கரை, இடையில் அந்த ஆள். "ஜேனுக்கு பீச்சில் ஒரு போய்ஃபிரெண்ட் இருக்கிறான்" என்று சின்னவள் ஆர்னா முன்பே தாயாரிடம் சொல்லியிருக்கிறாள். தாயார் கூட விளையாடும் பையன் என்று நினைத்துவிட்டார். ஆகவே அவன் அன்றைக்கு முதல் தடவை வந்தவன் அல்ல. பழகியவன். பழகியவன்தான் நோட்டு கொடுப்பான். பன்னிரண்டே கால் மணியளவில் அவனோடுதான் பிள்ளைகள் கடற்கரையை விட்டுப் போனார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பொகவந்தலாவையான் (அடிலெய்ட்)
இதுல பாதி சரி சேர். அந்த ஆள் பழகியவனா இருக்கலாம்னு பொலிசும் சொன்னாங்க. நோட்டு வேற ஆள்கிட்ட இருந்து வந்திருக்கும்னும் நினைச்சாங்க. ஆனா அந்த ஆள் யாரு? உயரமான, ஒல்லி முகக்காரன் அடிலெய்ட்ல அன்னிக்கு எத்தனை பேரு! நோட்டுல பேரு எழுதியிருந்துச்சா?

ஹட்டன் மாஸ்டர்
"பாதி சரி" என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

பொகவந்தலாவையான் (அடிலெய்ட்)
நான் எதையும் ஒப்புக்கொள்ளல!

கொழுந்துக்கூடை
அம்மா சில்லறைதான் குடுத்தாங்கன்னே நீங்க நிக்கிறீங்க. ஜேன்கிட்ட ஏற்கனவே சேத்து வச்ச காசு இருந்திருக்கக் கூடாதா? ஒன்பது வயசுப் பொண்ணு. நம்ம பிள்ளைங்க உண்டியல் வைக்கிறதில்லையா?

ஹட்டன் மாஸ்டர்
உண்டியலில் சில்லறைதான் சேரும். நோட்டு சேராது.

மஸ்கெலியா மழை
எங்க வீட்டு உண்டியல்ல நோட்டும் போடுவோம் சேர். மடிச்சுப் போடுவோம்.

ஹட்டன் மாஸ்டர்
உங்கள் வீட்டு உண்டியல் இந்த வழக்கில் சான்றுப்பொருள் அல்ல.

கொழுந்துக்கூடை
உங்க ஊகம் மட்டும் சான்றுப்பொருளா?

ஊவா வாசகி
அதத்தான் நான் மேல கேட்டேன். துப்பு, சாட்சி, தீர்ப்பு. யாரும் பதில் சொல்லல.

ஹட்டன் மாஸ்டர்
இப்போது கரண்ட் போகும் போலிருக்கிறது, நோர்வூட் பக்கம் இடி. நாளை காலை விரிவாக எழுதுவேன், நோட்டைப் பற்றி மட்டும். தலவாக்கலைத் தம்பி அதற்குள் ரயில் அட்டவணையை எடுத்து வைக்கவும். அதையும் ஒரு கை பார்த்துவிடலாம்.

கொழுந்துக்கூடை
எடுத்து வச்சுட்டேன் சேர். படம் பிடிச்சே போடுறேன். சித்தப்பாவையும் கூட்டிட்டு வரேன்.