காயலாங்கடையில் கிடைத்த பழைய ஹூவர்: எந்தக் காலத்தது? தொட்டால் ஷாக் அடிக்கிறது

காசிமேட்டுக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். கொருக்குப்பேட்டை பக்கம் ஒரு காயலாங்கடையில் டேபிள் ஃபேன் தேடப் போனவனுக்கு இது மாட்டியது. நிற்கவைத்துத் தள்ளும் வகை வாக்கூம் கிளீனர். கடைக்காரர் எடைபோட்டு அலுமினிய விலைக்கே கொடுத்துவிட்டார்.

முகப்பு அலுமினியம், வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மோட்டார் மூடி கறுப்பு. பிளாஸ்டிக்கா, பழைய காலத்துக் கெட்டிப் பிசினான பேக்கலைட்டா தெரியவில்லை. துணிப்பையில் ஹூவர் என்ற எழுத்து, அதன் கீழே ‘இட் பீட்ஸ் ஆஸ் இட் ஸ்வீப்ஸ்’ (பெருக்கும்போதே தட்டும்) என்று பாதி அழிந்த வரி. பின்பக்கத் தகட்டில் ‘பெரிவேல், மிடில்செக்ஸ்’ மட்டும் படிக்க முடிகிறது. வோல்ட் போட்ட இடம் தேய்ந்துவிட்டது. ரெண்டு கோர் ஒயர், டூ பின் பிளக்.

ஓடுகிறது, தெருவுக்கே கேட்கும் சத்தம். ஆனால் கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் ஜிவ்வென்று ஏறுகிறது. ஸ்விட்சை அணைத்த பிறகும் லேசாக இருப்பதுதான் புரியவில்லை. இழுப்பும் குறைவு. சரிசெய்து வைத்துக்கொள்ளலாமா? அம்மா வேறு புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும் என்கிறார்.

லோகோ ரிட்டயர்டு:
தம்பி, முதல்ல பிளக்கைப் பிடுங்கு. மத்ததெல்லாம் அப்புறம்.

அணைச்ச பிறகும் ஷாக் இருக்குன்னா காரணம் இதுதான். அந்த ஸ்விட்ச் ஒரே ஒரு ஒயரைத்தான் துண்டிக்கும். டூ பின் பிளக்கை எந்தப் பக்கம் வேணும்னாலும் சொருகலாம் இல்லையா? திருப்பிச் சொருகினா ஸ்விட்ச் நியூட்ரலை வெட்டிட்டு, ஃபேஸ் மோட்டாருக்குள்ளேயே நிற்கும். அங்கேருந்து பாடிக்கு எங்கேயோ கசியுது. ரேடியோவுல கரகரப்பு வராம இருக்க அந்தக் காலத்துல உள்ளே ஒரு கண்டன்சர் வைப்பாங்க. வயசானா முதல்ல கெடுறது அதுதான். கார்பன் தூள் ஈரம் பிடிச்சாலும் கசியும், உங்க பக்கம் உப்புக் காத்து வேற.

டெஸ்டர் எரியுதான்னு பார்த்து முடிவு கட்டாதே, துளி கசிவுக்கே அது எரியும். 500 வோல்ட் மெக்கர், அதான் கசிவு பார்க்கிற மீட்டர், வச்சு, கண்டன்சரைக் கழட்டிட்டு, ஒயருக்கும் பாடிக்கும் நடுவுல பார். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினா கரன்ட் கொடுக்காதே. சரியானதும் மூணு கோர் ஒயர் போட்டு பாடியை எர்த் பண்ணு. அந்தக் காலத்து இங்கிலாந்து 5 ஆம்ப் உருண்டை பின் பிளக்கும் நம்ம 5 ஆம்ப் பிளக்கும் ஒரே ஜாதி, அதனால ஒரிஜினல் பிளக் கிடைச்சாலும் நம்ம சாக்கெட்ல உட்காரும்.

பெரம்பூர் மிக்ஸி மெக்கானிக்:
ப்ரோ, உள்ள இருக்கறது மிக்ஸில வர்ற அதே யூனிவர்சல் மோட்டார்தான். உங்க ஏரியாவுல மிக்ஸி ஆர்மேச்சர் கட்றவர்கிட்ட குடுத்தா கண்ணை மூடிக்கினு பண்ணுவாரு. கார்பன் சைஸ் கிடைக்கலன்னா ட்ரில் கார்பன் வாங்கி உப்புத்தாள்ல தேச்சு உட்கார வை. கார்பன் உரசுற செம்பு உருளை, அதான் கம்யூட்டேட்டர், அதைச் சுத்தி நெருப்பு வளையம் மாதிரி தெரிஞ்சா உடனே நிறுத்திடு. தேங்காண்ணெய் விட்டுடாத, பிசினாயிடும்!

பழசுப்பிரியை:
சகோதரர், புளி வேண்டவே வேண்டாம். அது பித்தளைக்கு. அலுமினியத்தை அரித்துத் திட்டுத் திட்டாக்கிவிடும். சாம்பலும் கூடாது. மெல்லிய துணியில் சோப்புத் தண்ணீர், பிறகு உலர்ந்த துணி, அவ்வளவுதான். தகட்டின் மேல் மெட்டல் பாலிஷ் போட்டால் மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும். சேகரிப்பவர்களுக்குப் பளபளப்பை விட அந்தத் தகடுதான் முக்கியம்.

படிக்க ஒரு வழி இருக்கிறது. அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் தகட்டை ஒட்டிப் பிடியுங்கள். அச்சுக் குழிகளில் நிழல் விழும். அல்லது மெல்லிய தாளை வைத்து பென்சிலால் லேசாகத் தேயுங்கள். மாடல் எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

பெரிவேல் என்பது லண்டனுக்கு மேற்கே இருந்த ஹூவர் ஆலை. 1930-களின் தொடக்கத்தில் வந்தது, எனவே உங்களுடையது அதற்கு முந்தியதாக இருக்காது. முகப்புக் கட்டடம் இன்றும் நிற்கிறது, பின்னால் டெஸ்கோ கடை. மிடில்செக்ஸ் மாவட்டம் 1965-இல் நிர்வாகத்திலிருந்து மறைந்தாலும் அஞ்சல் முகவரியில் அந்தப் பெயர் பல வருடம் ஓடியது. அதை வைத்துக் காலம் சொல்ல முடியாது.

பையில் உள்ள வாசகம் 1919-லிருந்து வருகிறது. அடியில் உருளை இருக்கிறதா, அதில் பிரஷ் வரிசைகளோடு உலோகப் பட்டைகளும் இருக்கின்றனவா பாருங்கள். கம்பளத்தைத் தட்டித் தூசு கிளப்பும் அந்தப் பட்டைகளை ஹூவர் 1926-இல் கொண்டுவந்தது. மூடியைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகருங்கள். ஃபீனாயில் மாதிரி வாடை வந்தால் பேக்கலைட்.

லோகோ ரிட்டயர்டு:
பழசுப்பிரியை அம்மா சொன்னது சரி. ஒயர் நிறத்தை வச்சும் ஏமாறாதே. இங்கிலாந்துல சிவப்பு-கறுப்பு 1970 வாக்கில் பழுப்பு-நீலமா மாறிச்சு, ஆனா நம்ம ஊர்ல இன்னைக்கும் சிவப்பு-கறுப்புதான் மாட்டுவாங்க. ஜெர்மன் மெஷின் கிடைச்சா இன்னும் ஜாக்கிரதை. 1960-களுக்கு முன்னாடி அங்கே சிவப்புதான் எர்த். நம்மாளு அதை ஃபேஸ்ல கொடுத்தா பாடி முழுக்க கரன்ட்.

காசிமேட்டுக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. பென்சில் வேலை செய்தது! ‘200-220 வோ’ என்று எழுந்து வந்தது, மாடல் எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் இன்னும் தகராறு. மூடியில் ஃபீனாயில் வாடை அடித்தது. உருளையில் பட்டைகளும் இருக்கின்றன. உள்ளே கண்டன்சர் தார் பூசிய அட்டைக் குழாய், வெடித்து தார் வழிந்து கிடந்தது. அதைக் கழற்றிவிட்டு மெக்கர் வைத்தால் முள் ஒரு மெகா ஓமுக்கு மேலே நன்றாக ஏறுகிறது. உருளையைச் சுற்றும் பெல்ட் மட்டும் கையில் எடுத்ததும் பிஸ்கட்டாய் உடைந்தது.

லோகோ ரிட்டயர்டு:
நம்ம லைன் 230, ராத்திரியில 240-ஐத் தொடும். 220 மெஷின் கொஞ்சம் வேகமா ஓடும், கார்பனும் புஷ்ஷும் சீக்கிரம் தேயும். அஞ்சு நிமிஷம் ஓட்டிக் காட்ட பரவாயில்லை, தினமும் வேண்டாம். கண்டன்சர் மாத்துறதா இருந்தா ஒயருக்கு ஒயர் எக்ஸ்2, பாடிக்கு ஒய்2ன்னு குறிச்ச பாதுகாப்பு வகை கேட்டு வாங்கு. வேற எதையும் போடாதே.

பழசுப்பிரியை:
அந்தத் தார்க் கண்டன்சரைத் தூக்கிப் போடாதீர்கள், சில சமயம் அதன் மேலேயே தேதி அச்சிட்டிருப்பார்கள். இழுப்புக் குறைவுக்கும் பெல்ட்டுக்கும் சம்பந்தமில்லை. இந்த வகையில் குப்பை முதலில் விசிறி வழியாகப் போய்த்தான் பைக்குள் விழும், அதனால் விசிறி இறக்கை உடைந்திருக்கிறதா பாருங்கள், ஒரு நாணயம் போதும் உடைக்க. ஓடும்போது பை உப்பாவிட்டால் கழுத்தில் அடைப்பு. பையைத் துவைக்க வேண்டாம், நெசவு கெட்டுத் தூசு வெளியே வரும். திருப்பித் தட்டினால் போதும்.

பெரம்பூர் மிக்ஸி மெக்கானிக்:
சைக்கிள் ட்யூப் வெட்டிப் போட்டுப் பாக்கலாம், ஆனா சூடேறினா இளகிடும். உடைஞ்ச பெல்ட் துண்டுல அகலமும் தடிமனும் அளந்து இங்க எழுது, பிராட்வேல ரப்பர் கடையில கேட்டுப் பாக்கறேன். அதுவரைக்கும் பெல்ட் இல்லாமயே ஓட்டு. கம்பளம் இல்லாத மொசைக் தரையில அந்த உருளை சுத்தி இன்னா பண்ணப்போவுது?