பீடி சுற்றும் செல்லக்கனி தலைவியாவது எப்படி?

முக்கூடல்காரி:
நாவல் எழுதுகிறேன். செல்லக்கனி பீடிக்கடை வாசலில் ஒரே ஒரு பேச்சுப் பேசுகிறாள், ஊரே பின்னால் வந்துவிடுகிறது. படித்துப் பார்த்த தங்கை 'சினிமா மாதிரி இருக்கு' என்கிறாள். எங்கே இடறுகிறது?

பேட்டை வாசகன்:
தங்கச்சி, பேச்சு இருக்கட்டும். அதற்கு முந்தின மாசம் அவள் என்ன செய்தாள்? நல்ல பீடியையும் கழிவு என்று ஒதுக்குகிறார் கணக்கப்பிள்ளை. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு சுளகைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். இவள் மட்டும் நகராமல், "எண்ணிக் காட்டுங்க அண்ணாச்சி" என்று நிற்கட்டும். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு மதினி தன் பீடிக்கட்டையும் எண்ணி வாங்கச் சொல்லி இவளிடம் கொடுத்துவிடுவாள். கூட்டம் இப்படித்தான் சேரும்.

நெல்லைச் சீமை:
பாதிதான் சம்மதம். ஆளை இழுக்கிற வசீகரமும் வேண்டும். 1908 தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தைப் பாருங்கள். சுப்பிரமணிய சிவா மேடையில் நெருப்பு. வ.உ.சி.யும் பேசினார்தான், ஆனால் வேலைக்குப் போகாதவர்கள் வீட்டில் உலை கொதிக்க வழி பார்த்ததும் அவர்தான். இரண்டும் சேர்ந்துதான் மில்காரர்கள் இறங்கி வந்தார்கள். மார்ச்சில் இருவரையும் கைது செய்ததும் திருநெல்வேலியே கொந்தளித்ததே! உங்கள் கதையில் இரண்டையும் ஒருத்தி தலையில் ஏற்றியிருக்கிறீர்கள். பேச்சுக்கு வேறொருத்தியைக் கொண்டுவாருங்கள்.

முக்கூடல்காரி:
அட, அவளுக்கு வாயாடிச் சித்தி ஒருத்தி இருக்கிறாள், மூன்றாம் அத்தியாயத்தோடு விட்டுவிட்டேன். சரி, பேச்சைச் சித்திக்குக் கொடுத்துவிடுகிறேன். செல்லக்கனி கணக்கு நோட்டோடு நிற்கட்டும்.

பேட்டை வாசகன்:
சித்தியைச் சாகடித்துவிடாதீங்க, அவ்வளவுதான்.