எலி என்ற சொல்லில் பல் இருக்கிறதா?

கேள்வி: ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். எலி, அணில், முள்ளம்பன்றி எல்லாம் கொறிணிகள், அதாவது முன்பல்லால் கொறிப்பவை என்றதும், "எலின்ற பேர்லயே பல் இருக்கா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1: இல்லைங்க. எலி, பல் இரண்டும் தனித்தனி வேர். இரண்டுமே பழைய திராவிடச் சொற்கள். தெலுங்கில் எலுக, பல்லு. கன்னடத்தில் இலி, ஹல்லு. (பால் அங்கே ஹாலு ஆவது போல.) பல் ஒளிந்திருப்பது 'கொறி'யில்தான்: முன்பல்லால் சிறிது சிறிதாகக் கடிப்பது. கொறிணியின் ஆங்கிலப் பெயரான ரோடென்ட் என்பதும் லத்தீனில் கொறிப்பதைக் குறிக்கும் 'ரோடெரே'யிலிருந்து வந்ததே. அந்த முன்பற்கள் சாகும்வரை வளரும், அதனால் பெயர் அவ்வளவு பொருத்தம். பையனைப் பாராட்டுங்கள், நல்ல கேள்வி!

பதில் 2: பல்லுக்கு 'எயிறு' என்ற அழகான சொல்லையும் சொல்லிக்கொடுங்கள். குறள் 1121-இல் "வாலெயிறு ஊறிய நீர்" என்று வரும். வால் என்றால் இங்கே வெண்மை. எலிவால் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பதில் 3: மூஞ்சூறைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பார்க்க எலி மாதிரி இருந்தாலும் அது பூச்சி தின்னும் வேறு இனம். பெருச்சாளி தாராளமாகச் சேரும்.

கேட்டவர்: மூவருக்கும் நன்றி. நாளைக்கே எயிறைக் கரும்பலகையில் எழுதுகிறேன்.